பொய்த்தது வானம் மட்டும்தானா?



"மழை இல்லை. வெள்ளாமை போச்சு. பணம் அனுப்பு." ஊரிலிருந்து வரும் செய்தி இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடுகிறது. தபால் கார்டில் வந்த காலத்திலும் இதுதான் செய்தி. கைப்பேசியில் வரும் இந்தக் காலத்திலும் இதுதான் செய்தி. தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும், கோவண்டியிலும், முலுண்டிலும் இருக்கும் நாம் அதைக் கேட்டதும் வானத்தை நொந்துகொள்கிறோம். அங்கே இங்கே புரட்டிப் பணத்தை அனுப்புகிறோம். அத்தோடு அந்த வருடத்துக் கதையை முடித்துவிடுகிறோம்.

அப்படி முடித்துவிடலாகாது என்று சொல்லவே இதை எழுதுகிறோம். மழை இல்லாததால் மட்டுமா வெள்ளாமை போகிறது? மழை பெய்த வருடங்களிலும் போகிறதே, அது எப்படி? போனதற்குச் சர்க்கார் கொடுக்கும் பணம் ஏன் உழுதவன் கைக்கு வந்து சேருவதில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் நாம் அனுப்பும் பணம் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான்.

பயிருக்கு ஒரு நாட்காட்டி உண்டு

மானாவாரி என்றால் மழையை மட்டும் நம்பிய விவசாயம். நம் நாட்டின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்டதுதான். நம்மில் பெரும்பாலோர் விட்டுவந்த கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டை, கமுதி வட்டாரங்களின் கரிசல் காடு அதில் ஒரு பகுதி. மற்ற ஊர்களுக்கு ஆடிப்பட்டம். நமக்கோ புரட்டாசிப் பட்டம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசித் தொடக்கத்தில், அதாவது அக்டோபர் 20-ஐ ஒட்டி, இறங்க வேண்டும். அதற்குச் சற்று முன்னதாகவே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மழை இறங்கிய பிறகு விதைக்கப் போனால் கரிசல் சேறாகிவிடும், கலப்பையும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. எனவே முந்தி விதைப்பது அறியாமையில் செய்யும் சூதாட்டமல்ல, அது கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை. 1901-ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் பருவமழைக்கு முந்திய விதைப்பை ஆராய்ந்து பரிந்துரைத்திருக்கிறது.

இப்போது வானிலை என்னென்ன செய்யலாம் என்று பாருங்கள்.

முதல் அடி விதைப்பில் விழுகிறது. பருவமழைக்கு முன்பே ஒரு பொய் மழை பெய்து, விதை முளைவிட்ட பின் பதினைந்து நாள் வெயில் காய்ந்தால் முளை கருகிவிடும். மறு விதைப்பு செய்ய வேண்டும். விதைக்கும் உழவுக்கும் கூலிக்கும் இரண்டாம் முறை கடன். அந்த வட்டி அறுவடை வரை ஓடும். அறுவடை இல்லாவிட்டால் அதற்கு அப்பாலும் ஓடும்.

இரண்டாவது அடி பூவில். இதுதான் கொடிய அடி. செடிக்குத் தண்ணீர் பற்றாதபோது இலையில் உள்ள நுண்துளைகளை அது மூடிக்கொள்கிறது. ஈரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்து உணவு தயாரிப்பதும் அந்தத் துளைகளின் வழியேதான். விறகை மிச்சம் பிடிக்க அடுப்பை அணைத்துவிட்ட வீட்டின் நிலை அது. இளம் பயிர் அப்படிச் சில நாள் பட்டினி கிடந்து பிழைத்துவிடும். பூக்கும் பயிரால் முடியாது. உளுந்தும் பாசிப்பயறும் பூவை உதிர்த்துவிடும். பருத்தி சப்பையையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில், பெண் பூ இடுப்பில். வறட்சி வந்தால் கதிர் நுனியில் பட்டு இழை வெளிவரத் தாமதமாகிறது. அதற்குள் மேலேயிருந்து மகரந்தம் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு மழை பெய்தாலும் தட்டை பச்சையாக நிற்குமே தவிர, கதிரைப் பிரித்தால் பல்லில்லாத வாய்தான். நிலக்கடலையில் பூத்த பின் இறங்கும் விழுது காய்ந்த மண்ணுக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே வாடிவிடும்.

மூன்றாவது அடி அறுவடையில். மார்கழி, தை மாதங்களில் மழை ஓய வேண்டும். ஓயாவிட்டால் சோளக் கதிரில் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும், உளுந்து நெற்றிலேயே முளைத்துவிடும், வெடித்த பருத்தி பழுப்பேறிவிடும். 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் பருவம் தப்பிப் பெய்த பெருமழை அறுவடைக்கு நின்ற பயிரை இப்படித்தான் கெடுத்தது. விளைந்ததை வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறான். கணக்குப் புத்தகத்தில் அது "நல்ல மழை வருடம்".

மண்ணும் ஒரு கை பார்க்கிறது. கரிசல் ஈரத்தை நிறைய வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால்தான் மழை நின்ற பிறகும் பயிர் நிற்கிறது. ஆனால் வாங்கியதை எளிதில் விடாத மண் அது. களி மண்ணாகையால் கடைசிப் பங்கு ஈரத்தை வேரால் பிடுங்க முடியாது. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்து வேரையும் அறுத்துவிடும். செவல் மண் சிறு தூறலுக்கும் பயன் தரும், ஆனால் சில நாளிலேயே காய்ந்துவிடும். ஆக, ஒரே மழை ஓடைக்கு இந்தப் பக்கம் வாழ்வு, அந்தப் பக்கம் சாவு. இதை மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா?

2023 சொன்ன பாடம்

சொன்னதற்குச் சாட்சி வேண்டுமென்றால் 2023-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவ நான்கு மாதத்தில் நாட்டில் பெய்த மழை வழக்கத்தில் 94 விழுக்காடு. நூற்றுக்கு ஆறு குறைவு, அவ்வளவுதான். இதைக் கேட்கும் எவரும் "பெரிய பாதகமில்லை" என்பார்கள். ஆனால் மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: ஜூன் 91, ஜூலை 113, ஆகஸ்ட் 64, செப்டம்பர் 113. அந்த ஆகஸ்ட் மாதம் 1901-க்குப் பிறகு நாடு கண்ட வறண்ட ஆகஸ்ட். ஜூலையில் கூடுதலாகப் பெய்ததையும் செப்டம்பரில் கூடுதலாகப் பெய்ததையும் ஆகஸ்டின் பள்ளத்தில் கொட்டி நிரவிச் "சராசரி" என்கிறார்கள். பயிர் அப்படி நிரவிக்கொள்ளுமா? ஆகஸ்ட் மாதம்தான் மராட்வாடாவில் சோயா பூத்துக் காய் பிடிக்கும் மாதம்.

மராட்வாடாவைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்காதீர்கள். பீட், ஜால்னா, லாத்தூர் பக்கமிருந்து வந்தவர்கள் நம் சந்துகளில் நமக்கு அடுத்த குடிசையில் இருக்கிறார்கள். மொழி வேறு, பயிர் வேறு, பருவம் வேறு. அவர்களுக்கு ஆவணி, நமக்குக் கார்த்திகை. ஆனால் இரு வீட்டையும் இந்தப் பட்டணத்துக்குத் துரத்தியது ஒரே பிணிதான். 2023 அக்டோபர் கடைசியில் மகாராஷ்டிர அரசு 40 தாலுகாக்களை வறட்சிப் பகுதி என்று அறிவித்தது. அறிவிப்பு வந்தபோது சோயா அறுவடையும் முடிந்துவிட்டது, கடன்காரனும் வாசலுக்கு வந்துவிட்டான்.

அதே ஆண்டு டிசம்பரில் நம் பக்கம் என்ன நடந்தது? 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையைவிட இது அதிகம்! குளம் உடைந்தது, வீடு போனது, மானாவாரிக் காட்டில் பூவும் காயுமாக நின்ற பயிர் அழுகியது. அந்த வருடத்து மழைக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அம்மாவட்டம் மழையில் கொழித்த மாவட்டம்.

இனிமேல் இது குறையும் என்று நம்பவும் இடமில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானம் சொல்லும் கணக்கு. தாங்கித் தாங்கி ஒரே நாளில் கொட்டும், இடையில் பல நாள் காயும். மழையின் மொத்தம் குறையாமலேயே மழை நாட்கள் குறையலாம். மானாவாரிக்காரனுக்கு வேண்டியதோ நாட்கள். இந்தச் சூட்டை உண்டாக்கிய புகை இரண்டு மாட்டை வைத்து உழும் வீட்டிலிருந்து வந்ததல்ல. ஆனால் தண்டம் கட்டுவது அந்த வீடுதான்.

மூன்று கணக்குகள்

ஆகவே, தோழர்களே, இங்கே மூன்று கணக்குகள் ஓடுகின்றன. பயிர் நாள் கணக்குப் பார்க்கிறது. சர்க்கார் மொத்தக் கணக்குப் பார்க்கிறது. பணமோ பெயர்க் கணக்கைப் பார்த்துப் போகிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத இடைவெளியில்தான் நம் சனங்கள் விழுகிறார்கள்.

சர்க்காரின் கணக்கைப் பார்ப்போம். 2016 மே மாதம் உச்சநீதிமன்றம் வறட்சி வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, மத்திய அரசு வறட்சி மேலாண்மைக் கையேட்டைத் திருத்தி எழுதியது. மழைக் குறைவோடு, மூன்று நான்கு வாரம் தொடர்ந்து மழையில்லாத இடைவெளியையும் அது ஒரு அறிகுறியாக ஏற்கிறது. நல்லது. ஆனால் அதோடு நிற்பதில்லை. விதைப்புப் பரப்பு, மண் ஈரம், செயற்கைக் கோள் காட்டும் பசுமை, நீர்மட்டம் என்று ஒவ்வொரு படியாக ஏறி வர வேண்டும். செயற்கைக் கோளுக்குப் பச்சை தெரியும், கதிருக்குள் மணி இருக்கிறதா என்று தெரியுமா? மேலே சொன்ன மக்காச்சோளத் தட்டை வானத்திலிருந்து பார்த்தால் செழிப்பாகத்தான் இருக்கும்.

பயிர்க் காப்பீடும் இதே குறையோடுதான் நிற்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு ஊருக்கான உத்தரவாத மகசூலை எப்படிக் குறிக்கிறார்கள்? கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 விழுக்காடு என்று வைக்கிறார்கள். அதற்குக் கீழே விளைந்தால்தான் இழப்பீடு. நல்ல பாசன ஊருக்கு இது சரி. அடுத்தடுத்து வறட்சி கண்ட ஊரில் "நன்றாக விளைந்த 5 ஆண்டு" எங்கே இருக்கிறது? அங்கே சராசரியே தாழ்ந்துவிடுகிறது. சராசரி தாழ்ந்தால் உத்தரவாதமும் தாழ்கிறது. வறுமைக்குப் பழகியவன் வறுமைக்கு இழப்பீடு கேட்க முடியாது என்பது போன்ற கணக்கு இது.

நிவாரணத் தொகையைப் பாருங்கள். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் சேதமானவர்களுக்கு நிவாரணம். பாசன வசதியுள்ள பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய். 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் விதியிலும் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. சரிபாதி! பாசனக்காரருக்குச் செலவு அதிகம், எனவே தொகை அதிகம் என்று பதில் சொல்வார்கள். செலவு அதிகம் என்பதை மறுக்கவில்லை. தஞ்சை விவசாயிக்குக் கொடுப்பதைக் குறைக்கவும் நாம் சொல்லவில்லை. அவரும் நம்மைப் போல் கடனில் நிற்பவர்தான். ஆனால் கிணறு உள்ளவர் அடுத்த போகத்தில் ஒரு பயிர் பார்க்க வழியுண்டு. மானாவாரிக்காரனுக்கு வருடத்தில் ஒரு போகம். அது போனால் அடுத்த புரட்டாசி வரை ஆடு விற்பதும், நகை வைப்பதும், ரயில் ஏறுவதும்தான். நிவாரணம் செலவை மட்டும் பார்க்கிறது, காத்திருக்க வேண்டிய மாதங்களைப் பார்ப்பதில்லை.

கடைசியாகப் பெயர்க் கணக்கு. இது நமக்கு மிக நெருக்கமானது. நிவாரணமும் காப்பீடும் பட்டா, சிட்டா, அடங்கல் வழியாகத்தான் போகின்றன. பட்டா பாட்டன் பெயரில் இருக்கிறது. பாட்டன் இறந்து முப்பது வருடம். பங்காளிகள் நாலு பேர் நாலு ஊரில். நிலத்தை உழுவது வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்த ஒருவர். பெரும்பாலும் நிலமே இல்லாத சேரிக்காரர், வாய்ப் பேச்சுதான் ஒப்பந்தம். குத்தகைதாரர்களைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. காப்பீட்டுத் திட்டமும் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் எழுத்தில் பெயர் இல்லாதவர் எப்படிச் சேருவார்? விதைத்தவர் ஒருவர், கடன் பட்டவர் அவர், பணம் வரவு வைக்கப்படுவது ஊரிலேயே இல்லாத பட்டாக்காரர் கணக்கில்.

பெண்கள் நிலை இன்னும் மோசம். புருஷன் பம்பாயில் மூட்டை தூக்குகிறான், அல்லது திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிறான். களை எடுப்பதும், மருந்தடிப்பதும், கதிர் அறுப்பதும், கூட்டுறவுச் சங்க வாசலில் காத்து நிற்பதும் அவள். "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு கையெழுத்துக்காக வேலையை விட்டு இரண்டு நாள் பயணம் போய் வந்தால், கிடைக்கும் தொகை போக்குவரத்துக்கே சரியாகிவிடும். அதனால் பலர் போவதில்லை. இப்படி வாங்கப்படாத பணம் சர்க்கார் கணக்கில் "தேவைப்படாத பணம்" ஆகிவிடுகிறது.

தண்ணீர் ரயிலும் தண்ணீர் இல்லா நிலமும்

ரயில்வேயில் வேலை பார்க்கும் நாம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போனது. முதல் நடையில் 10 வேகன், சுமார் 5 லட்சம் லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் போனது. இரவு பகலாக உழைத்து அதை ஓட்டிய தொழிலாளர்களை வணங்குகிறோம். ஆனால் பட்டணத்துக் குழாய் வறண்டால் ரயில் ஓடுகிறது. சோளக்காடு வறண்டால்? பயிருக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோக முடியாது. பெய்த இடத்திலேயே பிடித்துவைத்தால்தான் உண்டு. கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே வரப்பு, பண்ணைக் குட்டை, தூர் வாரிய கண்மாய், அடைபடாத வரத்துக் கால்வாய், இவைதான் மானாவாரியின் தண்ணீர் ரயில். பூக்கும் நேரத்தில் குட்டையிலிருந்து ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்சினாலும் பயிரைக் காப்பாற்றிவிடலாம்.

போராடினால் கிடைக்கும் என்பதற்கும் இந்த மகாராஷ்டிர மண்ணே சாட்சி. 1972-ல் இங்கே பெரும் பஞ்சம். 1973 மே மாதம் நிவாரண வேலைகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் கல் உடைத்தார்கள், குளம் வெட்டினார்கள். "எங்களுக்குப் பிச்சை வேண்டாம், வேலை கொடு" என்ற குரல் ஓயவில்லை. வி. ச. பாகே வகுத்த வேலை உறுதித் திட்டம் 1977-ல் சட்டமாயிற்று, 1979 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாதச் சம்பளக்காரர்களின் சம்பளச் சீட்டில் "தொழில் வரி" என்று பிடிக்கிறார்களே, அந்த வரி 1975-ல் இதற்காகத்தான் இங்கே விதிக்கப்பட்டது. பட்டணத்துத் தொழிலாளியின் பணம் பஞ்ச காலத்துக் கிராமத்துக்குப் போனது. நாட்டுக்கே நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்ததற்கு இது முன்னோடி. ஆகவே வறட்சியைப் பற்றிப் பேச நமக்கென்ன உரிமை என்று எவரும் கேட்க முடியாது.

"விட்டுவிட்டு வந்துவிடலாமே?"

சிலர் கேட்கிறார்கள்: "இவ்வளவு கஷ்டம் எதற்கு? அந்த வறண்ட காட்டைக் கட்டி அழுவானேன்? எல்லோரும் இங்கேயே வந்துவிடலாமே?" படித்த பிள்ளைகள்கூட இப்படிக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தப் பட்டணத்தில் நமக்கு என்ன உறுதி இருக்கிறது? 2020-ல் ஊரடங்கு வந்தபோது வாடகை கொடுக்க முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் நடந்தே புறப்பட்டார்களே, எங்கே போனார்கள்? ஊருக்குத்தான். அங்கே ஒரு ஏக்கர் காடும் ஒரு கூரையும் இருந்ததால் போனார்கள். தரிசாக விட்ட நிலம் நமக்காகக் காத்திருப்பதுமில்லை. சில வருடத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிடும், அப்புறம் அதை வேரோடு பிடுங்க ஆகும் செலவில் விவசாயமே செய்துவிடலாம்.

"ஆழ்குழாய்க் கிணறு போடலாமே" என்பது இன்னொரு யோசனை. விளாத்திகுளம், இராமநாதபுரம் பக்கத்தில் பல இடங்களில் கீழே போகப் போக உப்புத் தண்ணீர்தான். தண்ணீர் வராத குழாய்க்கு வாங்கிய கடனைக் கட்டவே ரயில் ஏறியவர்கள் நம்மிடையே உண்டு. தனித்தனியாகப் பூமியைத் துளைப்பது வழியல்ல. கண்மாயை ஊர் கூடி மீட்பதே வழி.

பயிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோளமும் கம்பும் வறட்சியில் இலையைச் சுருட்டிக்கொண்டு தூங்கும், மழை வந்தால் விழித்துக்கொள்ளும். மக்காச்சோளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பின் ஏன் மக்காச்சோளம் போடுகிறார்கள்? கோழித் தீவனத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது, சோளத்துக்கு இல்லை. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. நீலகிரியிலும் தர்மபுரியிலும் அந்த ஆண்டு ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகுக்கு முடிந்தது கரிசல் சோளத்துக்கும் கம்புக்கும் ஏன் முடியாது? வாங்க ஆள் இருந்தால் உழவனே தாங்கும் பயிருக்குத் திரும்புவான். உபதேசம் தேவைப்படாது.

நாம் கேட்பது, நாம் செய்வது

நம் கோரிக்கைகள் இவை:

1. பயிர் பூக்கும், காய் பிடிக்கும் நாட்களில் மூன்று வாரம் மழையில்லாமல் போனால், பருவத்தின் மொத்த மழை எவ்வளவாக இருந்தாலும், அதை இழப்பாக ஏற்க வேண்டும். வருவாய்க் கிராமம் தோறும் மழைமானி வைக்க வேண்டும்.

2. நிவாரணமும் காப்பீடும் உழுபவர் கைக்குப் போக வேண்டும். குத்தகைதாரர், வாரதாரர், பெண்கள் உட்பட உண்மையான சாகுபடியாளர் பட்டியலைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும்.

3. மானாவாரி நிவாரணம் ஒரு போகத்துச் செலவையும், அடுத்த விதைப்பு வரையான குடும்பப் பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

4. சோளம், கம்பு, உளுந்து ஆகியவற்றை அரசே நேரடியாகக் கொள்முதல் செய்து ரேஷன் கடையில் கொடுக்க வேண்டும்.

5. கண்மாய், வரத்துக் கால்வாய்களை ஆவணிக்குள் தூர் வார வேண்டும். வெள்ளாமை பொய்த்த ஊரில் பதினைந்து நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும். ரயில் நிலையத்துக்கு வந்த பிறகல்ல.

கேட்டுவிட்டுக் கைகட்டி இருப்பது நம் வழக்கமல்ல. ஒவ்வொரு குடும்பமும் இந்தப் பருவத்தில் செய்யக்கூடியவை சில உண்டு.

பணத்தை மார்கழியில் வட்டிக்கு அனுப்புவதைவிட, அதில் ஒரு பங்கைச் சித்திரை, வைகாசியிலேயே கோடை உழவுக்கும் வரப்புக்கும் அனுப்புங்கள். பாட்டன் பெயரில் கிடக்கும் பட்டாவைப் பங்காளிகள் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே மனு எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிறுதோறும் சங்க அலுவலகத்தில் எழுதித் தருகிறோம். நிலம் உங்கள் பெயரில், உழைப்பு வேறொருவருடையதாக இருந்தால், அடங்கலில் அவர் பெயர் ஏறச் சம்மதம் கொடுங்கள். "பெயர் ஏறினால் நிலம் போய்விடுமோ" என்ற பயம் இருக்கும். அதைச் சங்கத்தில் வைத்துப் பேசுவோம், எழுத்தில் போடுவோம். அதற்குள் நிவாரணப் பணம் உங்கள் கணக்கில் விழுந்தால் அது யாருடைய வியர்வைக்கு வந்த பணம் என்று யோசியுங்கள். பட்டணத்தில் நாம் கூலிக்காகக் கொடி பிடித்துவிட்டு, ஊரில் நம் நிலத்தை உழுபவருக்குக் கூலி மறுத்தால் நம் கொடிக்கு என்ன மரியாதை?

காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடைசித் தேதிக்கு முன் கட்டச் சொல்லுங்கள், ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விதைக்கவே முடியாமல் போனாலும் அந்தத் திட்டத்தில் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு பெற விதி இருக்கிறது. ஊரின் பெரும்பகுதி நிலம் விதைப்பின்றிக் கிடந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும்.

ஆதாரத்துக்குத்தான் கடைசி யோசனை. ஊரில் பத்தாவது படிக்கும் பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை பெய்த மறுநாள் காலை ஸ்கேலால் அளந்து, தேதி போட்டு எழுதட்டும். விதைத்த தேதி, முளைத்த தேதி, பூத்த தேதி, மழை நின்ற தேதி, பூ உதிர்ந்த தேதி. வேறொன்றும் வேண்டாம். ஒரு நோட்டைத் தாசில்தார் தள்ளிவிடுவார். ஒரே ஊரிலிருந்து ஐம்பது நோட்டு ஒரே நாளைச் சொன்னால் அதைத் தள்ளிவிட முடியாது. நம் பக்கத்துக் குடிசை மராட்டியத் தோழரிடமும் இதைச் சொல்லுங்கள். அவர் ஊரிலும் நோட்டு விற்கிறது.

வானத்தை நாம் கட்டளையிட முடியாது. ஆனால் வானம் செய்ததை எழுதிவைக்கலாம், எழுதியதை முன்வைத்துக் கேட்கலாம். மூன்று வரியில் வரும் செய்திக்கு இனி ஒரு கேள்வியைப் பதிலாக அனுப்புங்கள்: "பூவில் காய்ந்ததா, விதைப்பில் காய்ந்ததா? எந்தத் தேதி?" அந்தத் தேதியோடு சங்கத்துக்கு வாருங்கள்.